அம்மை போட்டதாகச் சொன்ன வாரம்

புரட்டாசி 12, சனி

வெயில். மேகம் பேருக்குக்கூட இல்லை. வேன் தாமதம், ஏழாயிரம்பண்ணை விலக்கில் பஞ்சராம். வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன்.

இன்று என்னைப் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் ரூமில் போட்டுவிட்டார்கள். எப்போதும் பெட்டி ஒட்டும் ஷெட்டில்தான் இருப்பேன். ஒருத்தி லீவு என்று போர்மேன் கையைக் காட்டினார். "ஏத்தா செல்வி, இன்னைக்கு நீ அங்கன போய் உக்காரு." மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? என் உடம்பில் மின்சாரம் ஊறும் அண்ணாச்சி, விரல் நுனியில் பொறி பறக்கும், என்னை அந்த ரூமில் உட்காரவைப்பதும் கொள்ளிக்கட்டையை உட்காரவைப்பதும் ஒன்று என்றா?

வாசலில் ஒரு செம்புத் தகடு. உள்ளே போகிற யாரும் அதைத் தொட்டு, உடம்பில் இருப்பதை மண்ணுக்கு விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் இரண்டு உள்ளங்கையையும் அழுத்திக்கொண்டு நின்றேன். எல்லாம் இறங்கிப்போகிறவரை. பின்னாலிருந்து பேச்சியம்மாள்: "என்ன மதினி, தகட்டப் பேத்து வீட்டுக்குக் கொண்டு போகப் போறீகளா?" எல்லாரும் சிரிப்பு. இவள் தாயில்பட்டியில் எங்களுக்கு அடுத்த வீடு. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நல்லவள்.

தண்ணீர் குடிக்கப் போய்வந்தபோது தகட்டைத் தொட்டேனா இல்லையா என்று சந்தேகம். உட்கார்ந்தவள் எழுந்து போய்த் தொட்டேன். மறுபடி சந்தேகம். மறுபடி போனேன். போர்மேன் கத்தினார். கத்தட்டும்.

எங்கள் காலத்தில், இங்கிருந்து இருநூறு வருஷம் தள்ளி, ஊர் இருண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையை வைத்தால் நகரமே எரியும், விளக்காக. என் படம் போட்ட சட்டையைப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு திரியும். என் மகளிடமும் ஒன்று உண்டு. இங்கே என் கை பட்டால் அந்த ரூமில் இருக்கும் பெண்கள் எல்லாரும் போய்விடுவார்கள். அவ்வளவுதான் என் வீரம்.

புரட்டாசி 13, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். அரிசி, வெங்காயம், பல்பொடி வாங்க வேண்டும்.

துரை கண்மாய்க் கரைக்குப் போய்விட்டு வந்தான். ஊருக்கு அவன் என் அண்ணன், லோடு ஏற்றுகிறவன். உண்மையில் அங்கே என்னோடு வேலை பார்த்தவன். மூடிய எதையும் திறப்பான், அதுதான் அவன் வலு. போன புரட்டாசியில் அங்கே ஒரு புயலுக்குள் ஆட்களைக் காப்பாற்றப் போய், மின்னலோடு மின்னலாக இந்தக் கண்மாய்க் கரையில் வந்து விழுந்தோம். விழுந்த இடத்தில், தலைக்கு மேலே ஒரு விரிசல் இருக்கிறதாம். அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். இடி மழை வந்தால் லேசாக விரியும். ஆனால் ஒவ்வொரு மழை முடிந்ததும் முன்னைவிடச் சின்னதாகிவிடுகிறது.

இன்று வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முகம் செத்திருந்தது.

"இன்னும் ஒரு மழைதான் தாங்கும். அப்புறம் மூடிக்கும்."

வெள்ளிக்கிழமை மழை என்று போனில் போட்டிருக்கிறது. அதற்குள் என் உடம்பு நிறைய வேண்டும். மின்னலும் நானும் சேர்ந்தால்தான் அவனால் அதைத் திறக்க முடியும். நிறைய வேண்டுமென்றால் செம்புத் தகட்டைத் தொடக் கூடாது. தொடாமல் கம்பெனிக்குள் கால் வைக்கக் கூடாது. ஆக, வெள்ளிவரை வீட்டுக்குள் தனியாக, யாரும் கிட்டே வராமல்.

அதற்குத் துரை கண்டுபிடித்த யோசனை அம்மை. லோடு ஏற்றும் இடத்தில் பேசிக்கொண்டார்களாம், அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள் என்று. நம் காலத்தில் நோய் என்றால் தெருவையே அடைத்துவிடுவார்களே, இங்கேயும் அப்படித்தான் என்றான். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வேண்டியவை:
வேப்பங்குலை (வாசலுக்கு).
வெடிக்குச் சுற்றும் சிவப்புத் தாள். நனைத்தால் சாயம் விடும், முகத்தில் புள்ளி வைக்க.
பழைய டயர் துண்டு, கட்டில் காலுக்கு அடியில்.
ரப்பர் செருப்பு. தரையில் வெறுங்கால் படக் கூடாது.
தைரியம். கடையில் இல்லை.

புரட்டாசி 14, திங்கள்

காலையில் துரை போய்ச் சொல்லிவிட்டான். போர்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தண்ணி ஊத்துன பொறவு வரச் சொல்லு" என்றாராம்.

கட்டிலிலேயே கிடக்கிறேன். மதியத்திற்குள் விரல் நுனி குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வருஷமாக இந்தக் குறுகுறுப்பு வந்தால் ஓடிப்போய் வெறுங்காலோடு மண்ணில் நிற்பேன். இன்றைக்குக் காலை மடக்கிக் கட்டிலுக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கதவுக்கு வெளியே பேச்சியம்மாள் குரல். "மதினி, கூழு வச்சிருக்கேன், எடுத்துக் குடிங்க. மஞ்சளும் வச்சிருக்கேன். ஆத்தா வந்திருக்கா, பயப்படப்பிடாது." போய்விடுவாள் என்று பார்த்தால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கம்பெனிக் கதை எல்லாம் சொன்னாள். எனக்குப் பதில் ரூமில் உட்கார்ந்தவள் தும்மிக்கொண்டே இருந்தாளாம்.

நோய் என்றால் இவர்கள் ஓடவில்லை. வீட்டுக்குச் சாமி வந்ததாக நினைக்கிறார்கள். இதைத் துரையிடம் சொன்னேன். "உள்ளே வரலை இல்ல? போதும்" என்றான். பெரிய அறிவாளி.

புரட்டாசி 15, செவ்வாய்

புழுக்கம். சுவிட்ச் போடாமலே டியூப் லைட் மினுங்குகிறது. நான் புரண்டால் அதுவும் துடிக்கிறது. துரையிடம் அதைக் கழற்றி வைக்கச் சொன்னேன்.

பேச்சியம்மாள் வீட்டில் எனக்காகத் தாளிப்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வீட்டு எண்ணெய் வாடைகூட அம்மைக்கு ஆகாதாம். அவள் மகன் அழுகை சுவர் வழியே கேட்டது. "ஏம்மா, அப்பளமாச்சும் பொரியேன்." "வாய மூடுலே. அங்கன ஆத்தா படுத்திருக்கா." நான் முகத்தில் சிவப்புத் தாள் சாயத்தைப் பூசிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பல்லி ஒன்று சுவரிலிருந்து என் காலில் விழுந்தது. விழுந்தது அசையவில்லை. காலை இழுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி 17, வியாழன்

வெயிலும் மேகமும் மாறி மாறி. முடி படியவே மாட்டேன் என்கிறது. சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு சடசடக்கிறது.

துரை தண்ணீர் டம்ளரை நீட்டினான். மறந்துவிட்டேன், வாங்கிவிட்டேன். அவன் எதிர்ச் சுவரில் போய் விழுந்தான். பேச்சு மூச்சு இல்லை. கிட்டே போய் எழுப்பவும் முடியாது, தொட்டால் செத்துப்போவான். கட்டிலில் நின்றுகொண்டு "துரை, துரை" என்று கத்தினேன். கண்ணைத் திறந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

"நல்லா நிறைஞ்சிருக்கே" என்று சிரிக்கிறான், படுபாவி. இவனே இப்படி விழுந்தால் மற்றவர்கள்?

பிறகு அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான். அங்கே படுத்த படுக்கை. இவன் ஊட்டினால்தான் சாப்பிடுவார். ஒரு வருஷமாக யார் ஊட்டுகிறார்களோ. நான் மகளைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அழுவேன், அழுதால் கண்ணீர் பட்ட இடமெல்லாம் சுரீர் என்கிறது. அவள் என்னை மறந்திருப்பாளோ என்பதுதான் பயம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் எம்புட்டுப் பெரிசு. (பேச்சியம்மாள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.)

வரும்போது பேச்சியம்மாள் ஏதோ கேட்டாளாம், இவன் சரி என்று தலையாட்டிவிட்டானாம். என்ன கேட்டாள்? "தெரியலை. நான் மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

புரட்டாசி 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

மதியம் வெம்பக்கோட்டைப் பக்கம் கருத்தது. துரை லாரி டியூப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே கண்மாய்க்குப் போனான். கரை ஈரமானாலும் நான் அதன்மேல் நின்றுகொள்ளலாம். முதல் தூறலுக்கு முன் நான் போய்ச் சேர வேண்டும். தெருவில் ஆள் இருக்காது, எல்லாரும் கம்பெனியில் இருப்பார்கள். அதுதான் கணக்கு.

இடி உறுமினால் கம்பெனியில் ஒருத்தரும் ரூமில் இருக்கக் கூடாது. வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வருஷமாக அந்த வேனில் நானே வந்திருக்கிறேன். அது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவே இல்லை!

செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் பேச்சியம்மாள். பின்னால் தெருப் பெண்கள் இரண்டு பேர். இடுப்பில் குடம். மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதக்கிறது.

"அட, எந்திரிச்சே வந்துட்டீகளா? அண்ணன்ட்ட நேத்தே கேட்டேன், வெள்ளிக்கிழம தலைக்கு ஊத்திருவோமான்னு. பொம்பளையாளு இல்லாத வீட்டுல வேற யாரு ஊத்துவா? சாயங்காலம்னுதான் நெனச்சேன், இடி வந்துச்சு, வேனு சீக்கிரம் விட்டுட்டான். வாங்க, உக்காருங்க."

ஈரக் கை. ஈரச் சேலை. ஒரு கை என்மேல் பட்டால் மூன்று பேரும் போனார்கள்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அங்கே கூட்டத்தை விரட்டும்போது கத்துகிற குரல். அதோடு தலைமுடி வேறு எழும்பி நின்றது. "கிட்ட வராதீங்க! போங்க!"

அவர்கள் போகவில்லை. பேச்சியம்மாள் கண் விரிந்தது. குடத்தை இறக்கினாள். "ஏ ஆத்தா... ஆத்தா வந்துட்டாடீ!" மற்ற இரண்டு பேரும் குலவை போட்டார்கள். நான் கத்தக் கத்த அவர்களுக்கு அது சாமி வாக்கு. "தாயே, என்ன கொறன்னு சொல்லு தாயே, தெரியாமச் செஞ்சிருந்தா மன்னிச்சுரு தாயே" என்று சொல்லிக்கொண்டே பேச்சியம்மாள் குனிந்தாள். என் காலைத் தொட வருகிறாள்.

ஓடியிருக்கலாம். அவளைத் தாண்டிக் குதித்து ஓடியிருக்கலாம். சந்து குறுகல், சேலை நுனி பட்டாலும் பட்டிருக்கும். படாமலும் போயிருக்கும். கண்மாய் அந்தா இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் என் பிள்ளை. ஒரு நொடி என் கால் எழும்பியது உண்மை. அவள் விரல் என் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில்.

வாசலை ஒட்டி அடிபம்பு. இரண்டு கையாலும் அதைப் பிடித்தேன்.

சத்தம் இடிச் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது. எல்லாம் இறங்கியது. வாரம் முழுக்கப் பயந்து பயந்து சேர்த்தது எல்லாம் இரும்புக் குழாய் வழியே பூமிக்குள் போயிற்று. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வெறும் உடம்பு, எல்லாருடைய உடம்பையும் போல.

அவள் என் காலைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ஊற்றினார்கள். குடம் குடமாக. முகத்துச் சாயம் கரைந்து வழிய, "முத்து அம்புட்டும் எறங்கிருச்சு பாரு!" என்று பேச்சியம்மாள் அழுதாள். நானும் அழுதேன். மழையும் பிடித்துக்கொண்டது. கண்மாய்ப் பக்கம் வெட்டி வெட்டி மின்னியது. ஒவ்வொரு மின்னலுக்கும் துரை தெருவைத் திரும்பிப் பார்த்திருப்பான்.

இருட்டுகிற நேரத்துக்கு வந்தான். டியூப் இல்லை, எங்கேயோ போட்டுவிட்டான்.

"மூடிடுச்சு" என்றான். நான் நடந்ததைச் சொன்னேன். மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான்.

புரட்டாசி 20, ஞாயிறு

தெளிந்த வானம். நேற்று ஒன்றும் எழுதவில்லை.

துரை இன்னும் பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டினால் தேவலை. அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று பயமாக இருக்கிறது. வெளியே போனால் பின்னாலேயே போகிறேன். வாசலில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

வாங்க வேண்டியது: அரிசி. அன்றைக்கு வாங்கவே இல்லை, போய்விடுவோம் என்று.

காலையில் பேச்சியம்மாள் இரண்டாம் தண்ணீர் ஊற்ற வந்தாள், மகனோடு. பயல் கையில் அப்பளம். வெயிலில் காயவைத்த தண்ணீர், வெதுவெதுப்பு. உட்கார்ந்தேன். தலையில் ஊற்றிக்கொண்டே பேச்சு.

"ஒங்களுக்கு ஊருல ஒரு பொம்பளப்புள்ள இருக்குன்னு அண்ணன் ஒரு நாளு சொன்னாக."

ஆமாம் என்றேன்.

"ஆத்தா நடமாடுத காலம். தாய விட்டுட்டு இருக்க புள்ள. பேரச் சொல்லுங்க, அதுக்கும் சேத்து ஒரு செம்பு ஊத்துதேன். எங்கன இருந்தாலும் போய்ச் சேரும்."

வந்ததிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. துரையிடம்கூட. பயம், சொன்னால் கரைந்துவிடுவாளோ என்று. அவள் பிறக்க இன்னும் எத்தனையோ தலைமுறை இருக்கிறது. அவளைப் பெறப்போகிறவளைப் பெறப்போகிறவள்கூட இன்னும் பிறக்கவில்லை.

"இதழி" என்றேன்.

"இதளி, நல்லாருக்கணும் தாயி" என்று சொல்லி ஊற்றினாள். அழுகை வந்தது, தண்ணீரோடு தண்ணீராகப் போயிற்று.

குடத்தில் கொஞ்சம் மிச்சம். பேச்சியம்மாள் அதைச் செடிக்குக் கொட்டப் போனாள். துரை எழுந்து வந்தான். என் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க அப்பாவுக்கு" என்றான்.