நான் விரல் வைத்த வரி

இன்று காலை முதலில் என் மூக்கில் பட்டது சுருட்டு மணம். வேலியோரம் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். "பெரியம்மா" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பிறகுதான் நீங்கள் போய் ஐந்து மாதம் என்று நினைவு வந்தது. அதோடு, அது உங்கள் சுருட்டும் இல்லை. தொண்டையைக் கீறும் புதுச் சுருட்டு.

வேலி இடைவெளியால் பார்த்தேன். யாரோ ஒருவர் சுருட்டை வாயில் கடித்தபடி உங்கள் முருங்கையடியில் இருந்து கிணறு வரைக்கும் அளவு நாடா இழுத்துக்கொண்டிருந்தார். நாடாவின் மற்ற முனையை உங்கள் மகன் ரவி அண்ணா பிடித்திருந்தார். வவுனியாவிலிருந்து விடியவே வந்திருக்கிறார். காணியை விற்கப் போகிறாராம். உங்கள் மகள் செல்வி அக்கா சமையல் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

நான் சட்டியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். நான் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எங்களுக்கு உறவு இல்லை. முரசுமோட்டையில் எல்லாரும் உங்களைப் பெரியம்மா என்றார்கள், நானும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் கால் நடுங்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்தாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் போகாமல் நின்றேன். பிறகு போகவே இல்லை. எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நீங்கள் மட்டும் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டீர்கள். "வாத்தியாருக்கு வாசிக்கலேன்னாப் போகுது. எனக்கு வாசி புள்ள. எனக்கு எழுத்துத் தெரியாது, நீ பிழையா வாசிச்சாலும் சிரிக்க மாட்டேன்."

அன்றிலிருந்து உங்கள் கடிதமெல்லாம் நான்தான் வாசித்தேன். கூலி வேலை முடிந்து வந்து கால் நீட்டி இருந்து, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்பீர்கள். சுருட்டு வாங்க என்னைத்தான் கடைக்கு அனுப்புவீர்கள். "ஆருக்குப் பிள்ளை சுருட்டு? உனக்கோ?" என்று கடைக்கார ஐயா கேட்பார். காசை வைத்துவிட்டு ஓடிவருவேன். "ஓம், எனக்குத்தான்னு ஒரு நாளைக்குச் சொல்லிப் பாரு. அப்புறம் கேக்கவே மாட்டான்" என்று சிரிப்பீர்கள். நான் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு சுருட்டு மட்டும் பால்மாத் தகர ரின்னுக்குள் வாழைச்சருகு சுற்றிக் கிடந்தது. மலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிபட்டு வந்து இந்தக் காட்டை வெட்டி முதல் கொட்டில் போட்ட அன்று, கூட வெட்டிய ஒருவர் இரண்டு சுருட்டுத் தந்தாராம். ஒன்றை உங்கள் புருசன் அன்றைக்கே குடித்தார். மற்றதை நீங்கள் காணிப் பத்திரம் வருகிற நாளுக்கு என்று எடுத்துவைத்தீர்கள். அவர் போய்விட்டார், பத்திரம் வரவில்லை. இடம்பெயர்ந்து ஓடியபோதும் அந்த ரின் உங்களோடு வந்தது என்று செல்வி அக்கா சொல்லுவா. பொங்கலுக்குப் பொங்கல் அதைத் திறந்து மணந்து பார்த்து, புதுச் சருகு சுற்றுவீர்கள். "புதுசு சண்டைக்காரன் மாதிரி. கெடக்கக் கெடக்கத்தான் அடங்கும்" என்பீர்கள்.

கடைசியில் காணிக்காக நடமாடும் சேவை என்று பொது மண்டபத்துக்கு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். உங்கள் படிவத்தை நான்தான் நிரப்பினேன். உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஒரு வரி இருந்தது. வாசித்துச் சொன்னேன். "செல்வி பேரைப் போடு. அவதான் எங்கூடக் கெடந்து சீரழியுறா" என்றீர்கள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனீர்கள்.

அந்த நேரம், அன்றைக்கென்று வந்திருந்த ரவி அண்ணா என் தோளுக்கு மேலால் குனிந்தார். "தங்கச்சி, அதில என்ர பேரை எழுது. அம்மாட்டச் சொல்லிட்டன்."

அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. "இல்லை அண்ணா" என்ற இரண்டு சொல் எனக்கு வரவில்லை. எழுதினேன். நீங்கள் வந்து, என்னை நம்பி, கீழே பெருவிரலை அழுத்தினீர்கள்.

பத்திரம் வந்த நாள் உங்களுக்குக் கலியாண வீடு மாதிரி. முழுகி, நல்ல சேலை கட்டி, ரின்னைத் திறந்தீர்கள். சுருட்டின் மேல் இலை வெடித்திருந்தது. எச்சில் தொட்டு ஒட்டினீர்கள். நெருப்புக்குச்சி மணம் ஏறிவிடும் என்று அடுப்பிலிருந்து தணல் எடுத்துப் பற்றவைத்தீர்கள். முதல் இழுவைக்குக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். சுட்ட பனங்கட்டியும் பழைய வைக்கோலும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். புகை மேலே போகாமல் உங்களைச் சுற்றியே நின்றது.

"உனக்கும் ஒரு இழுவை வேணுமா? ஒங்கம்மாகிட்டச் சொல்லிடாத" என்றீர்கள். நான் சிரித்தேன். அப்போதும் உள்ளுக்குள் பயம்தான்.

"சரி, வாசி."

வாசித்தேன். உங்கள் பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னீர்கள். திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். மூன்றாம் தரம் நீங்களும் கூடச் சொன்னீர்கள், சாமி கும்பிடுகிற மாதிரி. பிறகு, "செல்வி பேரு எங்க இருக்கு? காட்டு" என்றீர்கள்.

நான் ரவி அண்ணாவின் பெயரில் விரலை வைத்தேன். "இதுதான் பெரியம்மா."

அந்த எழுத்தை நீங்கள் தடவிப் பார்த்தீர்கள். "எழுத்து வடிவா இருக்குது" என்றீர்கள். பொழுது சாயும் வரைக்கும் ஆற அமர, கை சுடும் வரை அந்தச் சுருட்டைக் குடித்து முடித்தீர்கள். அப்படி ஒரு சந்தோசத்தை உங்கள் முகத்தில் நான் முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். பிறகு உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "செல்விக்கு எடம் இருக்கு, எனக்குக் கவலை இல்ல" என்றீர்கள். அதற்கும் தலையாட்டினேன்.

காணியை இனிச் செல்வி அக்கா பெயருக்கு ஒருவேளை சட்டப்படி மாற்ற முடியாமல் போகலாம். அது எனக்குத் தெரியாது. ஆனால் இன்று மத்தியானம், ரவி அண்ணாவும் அளக்க வந்த ஆளும் சாப்பிடப் போன பிறகு, செல்வி அக்கா என் அம்மாவுக்குச் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. "காணி போனாப் போகட்டும் அக்கா. பத்து வருசம் நான்தான் பாத்தேன். இன்னைக்கு அண்ணன் பத்திரத்தைக் காட்டினப்பத்தான் தெரியுது, கடைசில அம்மாவே என்னைய வேணாம்னு அண்ணன் பேரைப் போட்டிருக்காங்களே. அதுதான் தாங்கேலாம இருக்கு."

பெரியம்மா, நீங்கள் அவவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், ரவி அண்ணாவுக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார். உங்கள் சிரிப்பு, அந்தப் புகை, கடைக்குப் போன வழி எல்லாம் மனதில் இருக்கின்றன. ஆனால் தூக்கமுடியாமல் தூக்கித் திரிவது அந்த ஒரு விரலைத்தான்.

கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன். நீங்கள் சொன்ன பெயர், ரவி அண்ணா சொன்ன பெயர், நான் எழுதியது, நான் காட்டியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். கீழே என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். ரவி அண்ணாவும் அந்த ஆளும் திரும்பி வந்து முற்றத்தில் நின்றார்கள். நான் படலையைத் திறந்துகொண்டு போய் செல்வி அக்காவுக்கு முன்னால் நின்றேன். "என்ன பிள்ளை?" என்றா. கால் நடுங்கியது. தாளை விரித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக வாசித்தேன்.