எலிக்கும் எனக்கும் ஒரே மருந்து

4.11.68, திங்கள். மழை.

எலி மருந்துதான், ஓம். அளவுதான் வேறு. அம்மாவுக்கு இதை எத்தனை முறை சொல்வது.

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. போன மாதம் வகுப்பில் சோக்குக்கட்டி கையிலிருந்து விழுந்தது. கால் மணி நேரம் வலது கை இல்லை, பேச்சும் இல்லை. டொக்டர் சொன்னது: சிறு இரத்தக்கட்டி, ஓட்டை வழியாக மூளைக்குப் போனது. அடுத்தது இப்படிக் கரைந்து போகாமலும் இருக்கலாம். ஆகவே இரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் மாலை ஒரு குளிசை.

இன்று கரடியனாற்றிலிருந்து மாமா. விவசாயக் கந்தோரில் வேலை. குப்பியில் பெயரை வாசித்ததும், தெரிந்த ஆளைக் கண்டதுபோல ஒரே புளுகம், சந்தோஷம்.

"அக்கா, இஞ்ச பாரு! இதத்தான் நம்மட வயல் வட்டையில எலிக்கு வைக்கிற. ரத்தம் தண்ணியாகிச் செத்துப்போகும்."

அம்மா குப்பியை வாங்கி மணந்து பார்த்தாள். எனக்குப் பயம்.

6.11, புதன். தூறல்.

காலை: முருங்கை இலைச் சுண்டல். மதியம்: பொன்னாங்காணி. இரவு: வல்லாரை, மிஞ்சிய முருங்கை. ஏனென்று அம்மாவிடம் கேட்டேன்.

"குளிசைய நிப்பாட்டச் சொன்னனா? அது தண்ணியாக்கட்டும். நான் தடிப்பாக்கிறன்."

கீரைதானே, என்ன செய்துவிடும். பல்கலைக்கழகத்தில் மெய்யியல், இருத்தல் பற்றி நான்கு ஆண்டு படித்தேன். இப்போது இருப்பதற்காக இலை மெல்லுகிறேன்.

8.11, வெள்ளி. ஆஸ்பத்திரி.

மருந்தே எடுக்காதவளுடையதுபோல என் இரத்தம் சட்டென்று உறைகிறதாம்.

"குளிசைய யன்னலால எறியிறீங்களோ, டீச்சர்?"

நான் வாய் திறக்கும் முன் அம்மா, பெருமையாக: "ஒரு நாளும் தவறல்ல டொக்டர். அதுட கெடுதி போக மூணு நேரமும் இலை குடுக்கிறன்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார்.

"அம்மா, நான் திறக்கிறன், நீங்க பூட்டுறீங்க. இலை குளிசைய முறிக்கும். ரத்தம் கட்டினா பிள்ளைக்குப் பாரிசவாதம்."

"அப்ப இலை வெண்டுட்டுதா?"

ஒரு கணம் முகத்தில் வெற்றி. பிறகுதான் மற்றது விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இலையை விடவும் வேண்டாமாம். நாளுக்கு ஒரு கரண்டி, எந்த நாளும் அதே அளவு. அதற்கேற்பக் குளிசையை அவர் கணிப்பார்.

9.11, சனி. வெயில்.

மதியம் படுத்து வாசித்தேன். எழுந்தால் வலது கை மரத்திருந்தது. புத்தகம் விழுந்த சத்தத்துக்கு அம்மா ஓடி வந்தாள்.

"பேசு மகள்! பெரியம்மாட பிள்ளையளச் சொல்லு!"

ஏழு பேர். ஆறு சொன்னேன்.

"ஐயோ, பேச்சுப் போச்சு!"

"போகல்ல அம்மா. அந்த நாலாவது ஆள எனக்கு எப்பயும் ஞாபகம் வராது."

கையின் மேல் படுத்திருக்கிறேன், அவ்வளவே. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மா நம்பவில்லை. பத்தையும் இரண்டு முறை மடக்கி நீட்டவைத்தாள்.

ஆறு மணிக்கு அவளே குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். கோப்பையில் ஒரு கரண்டிச் சுண்டல். அளவுக்கு மேலே துருத்திய ஓர் இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

விழுங்கினேன். பிறகு பதினாறு கொப்பி திருத்தினேன்.