நோவு விட்டிருந்த ஆறு நாள்

மச்சாள்,

தொண்டை இன்னும் மரத்துப்போய்க் கிடக்கிறது. பேத்தி தந்த தேத்தண்ணீர் உள்ளே போனதே தெரியவில்லை. காலையில் இந்தக் கொழும்பு ஆசுப்பத்திரியில் எனக்கு வாய்வழியே ஒரு குழாய் விட்டார்கள். அதன் நுனியில் கமராவோடு ஸ்கானும் இருக்கிறதாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தபோது தெரியாத கல்லை, அது உள்ளே போய்ப் பித்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டது. மயக்கம் தெளியுமுன்பே கல்லை எடுத்தும் விட்டார்கள். எல்லாவற்றையும் விளங்கச் சொன்னவள் பேத்திதான். இங்கேதான் அவளும் டொக்டர். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், வருகிற தாதிமாரிடமெல்லாம் "உவள் என்ரை பேத்தி" என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறேன்.

களைப்பாக இருக்கிறது. கண்ணை மூடினால் நீங்கள்தான் வருகிறீர்கள்.

உடுப்பிட்டியில் சண்டையால் கரண்ட் இல்லாத காலம். உங்களுக்கு நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகுக்கு ஓடும் அந்த நோவு. மத்தியானம் சாப்பிட்டால் பின்னேரம் வந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பீர்கள். பித்தப்பையில் கல், ஒன்று குழாய்க்குள் இறங்கியிருக்கலாம், கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கோ என்றார் டொக்டர். தரைப்பாதை மூடிக் கிடந்ததால் கிளாலியில் வள்ளம் ஏறி, நேவியின் சூட்டுக்குத் தப்பிக் கடலேரியைக் கடக்க வேண்டும். நான் உடுப்பு அடுக்கி, ஊரைவிட்டு வெளியே போக இயக்கம் தருகிற பாஸும் எடுத்து வைத்திருந்தேன்.

அதற்குள் கந்தசட்டி வந்தது. இளநீரும் பழமும் மட்டும் என்று விரதம் பிடித்தீர்கள். முதல் நாளே நோவு குறைந்தது. மூன்றாம் நாள் விடிய எழும்பி முற்றம் கூட்டினீர்கள்.

"என்ன மச்சாள், குமர்ப்பிள்ளை மாதிரி நிக்கிறியள்?"

"எடியே, உன்ரை டொக்டரைவிட என்ரை முருகன் கெட்டிக்காரன். வள்ளத்திலை ஏறி மீனுக்கு இரையாப் போகச் சொல்லுறியோ?"

"விரதம் முடியப் போவமே?"

"விட்ட நோவுக்கு என்னத்துக்கடி கொழும்பு?"

நானும் நம்பினேன். கல் கரைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை அன்று நெய் விட்ட பருப்போடு ஆசையாகச் சாப்பிட்டீர்கள். பொழுது படுமுன் நோவு திரும்பி வந்தது. அடுத்த கிழமை கண் மஞ்சள், பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல். "கூட்டிக்கொண்டு போடி" என்று நீங்களே கேட்டபோது கிளாலிப் பாதை மூடியிருந்தது. அது திறந்தபோது உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

இன்று இதைப் பேத்தியிடம் சொன்னேன்.

"கொழுப்பு உள்ளுக்குப் போகாட்டிப் பித்தப்பை சுருங்காது, அம்மம்மா. அதுதான் அவவுக்கு நோகேல்லை. கல் அங்கைதான் இருந்திருக்கும்."

"ஓம் பிள்ளை."

"அந்த விரதம் அவவை ஏமாத்திப்போட்டுது."

அதற்கு மட்டும் நான் ஓம் சொல்லவில்லை.

ஏமாற்றியதுதான், மச்சாள். ஆனால் அந்த வருசத்தில் நீங்கள் நிமிர்ந்து நின்றதும், விடியும்வரை நித்திரை கொண்டதும், என்னோடு பகிடி விட்டுக் கதைத்ததும் அந்த ஆறு நாள்தான். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் கந்தசட்டி பிடிக்கிறேன். எனக்கென்று ஒன்றும் கேட்கிறதில்லை. யார் தந்த ஆறுதலாக இருந்தாலும் இருக்கட்டும், உங்களுக்கு அது கிடைத்ததே என்று மட்டும் சொல்லிக் கும்பிட்டுவிட்டு எழும்புகிறேன்.