பத்துக்கு எத்தனை?

புதன், 12-3

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

வாய்ப்புண்ணால் உன்னால் பேச முடியவில்லை; ஃபோன் இருந்து என்ன பயன்? அதனால் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று நீ தங்கியிருக்கிற உன் தங்கை வீட்டுக்கு, அவள் கணவர் வேலை முடிந்து போகும்போது கொண்டுவந்து தருவார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் "வலி பத்துக்கு எத்தனை?" என்கிறார். நீ விரலைக் காட்டுகிறாய், நான் சொல்கிறேன். என் நோட்டைப் பார்த்தேன். நான்கு, மூன்று, நேற்று இரண்டு. "நல்லா குறையுதே" என்றார் நர்ஸ். டாக்டரும் உன் வாயைப் பார்த்துவிட்டு, "புண்ணு பாக்க மோசமாத்தான் இருக்கு, வலி கம்மியா இருக்கே, நல்லது" என்றார். நானும் தலையாட்டினேன். அப்படியானால் ஆறிய சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு நீ ஏன் அழுதாய்?

நீ மதிப்பெண் போடுவதில் கஞ்சம் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டதற்கு நாற்பது வருடத்தில் ஒருநாளும் பத்துக்கு ஏழைத் தாண்டியதில்லை. ஆனாலும் எங்கோ இடிக்கிறது. ஒருவேளை என் மூளைதான் மழுங்கிவிட்டதோ.

உன்,
பூகோள வாத்தியார்

*

வெள்ளி, 14-3

அட்லஸ் சாருக்கு,

நாக்கின் இரண்டு ஓரமும் உதட்டின் உள்பக்கமும் உரிந்து கிடக்கின்றன. எச்சில் விழுங்குவது கண்ணாடித் தூளை விழுங்குவது மாதிரி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கப் பயந்துகொண்டு குளியலறைக் கதவைப் பிடித்தபடி நிற்கிறேன்.

அன்று நர்ஸ் என் தோளைத் தட்டி, "உங்களுக்கு லேசாத்தான் இருக்கு டீச்சரம்மா, சில பேரு படுற பாட்டப் பாக்கணும்" என்றார். லேசானதே இப்படி என்றால் இனி வரப்போவதை என்னால் தாங்க முடியாது. இன்னும் பதினோரு நாள் கதிர் சிகிச்சை பாக்கி. வரும் செவ்வாயோடு நிறுத்திக்கொள்கிறேன். "என்னக்கா, மாமா மாதிரி நீயும் பயந்தாங்கொள்ளி ஆயிட்டியா?" என்கிறாள் தங்கை. ஆகிவிட்டேன்.

கண்ணாடி துடைக்கும் துணி அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. தேடி அலையாதீர்கள்.

இப்படிக்கு,
க.டீ.

*

செவ்வாய், 18-3, மாலை

அன்புள்ளவளுக்கு,

இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். இரண்டைக் கிழித்துவிட்டேன்.

இன்று காலை நீ காட்டிய ஒற்றை விரலைப் பார்த்து "ஒண்ணு" என்று சொன்னேன். பிறகு நீ கதிர் அறைக்குள் போனாய். வெளியே சுவரில் வரிசையாக முகங்கள் வரைந்த படம் ஒன்று இருந்தது. பூஜ்யம் சிரிக்கிறது, பத்து அழுகிறது. யாரோ எண்களைத் தலைகீழாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்த லாரி டிரைவரிடம் கேட்டேன். "பத்துன்னா உயிர் போற வலி சார். ஜீரோன்னா வலியே இல்ல. இது தெரியாமலா இத்தன நாளா வர்றீங்க?" என்றார்.

நம் வீட்டில் பத்து என்றால் நல்லது.

உடனே எழுந்தேன். டாக்டர் அறை வாசலில் எட்டுப் பேர். முப்பத்துநாலு வருடம் அளவுகோல் படிக்கச் சொல்லிக்கொடுத்தவன், அதைத் தப்பாகப் படித்தேன் என்று எப்படிச் சொல்வேன்? திரும்ப உட்கார்ந்துவிட்டேன். நீ வந்ததும் பையை வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது. நீ விரலைக் காட்டியது நம் வீட்டுக் கணக்கிலா, ஆஸ்பத்திரிக் கணக்கிலா? தயவுசெய்து எழுது.

பூ.வா.

*

புதன், 19-3

ஒன்று என்றால் ஃபெயில். வேறு என்னவாக இருக்கும்? வலிக்குப் போய் யாராவது பத்துக்குப் பத்து போடுவார்களா?

அங்கே பத்து என்றால் என்ன என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆகவே தப்பில் பாதி என்னுடையது. ஆனால் தெரிந்த பிறகும் உட்கார்ந்தீர்களே, அதில் பாதி என்னுடையதல்ல.

இன்று நான் கதிருக்குப் போகவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

*

வியாழன், 20-3

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இத்துடன் வரும் மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று எழுதித்தானே ஆகவேண்டும்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் வரியை இரண்டு தடவை படித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. ஃபைலில் நான்கு எண்களை அடித்துவிட்டு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று எழுதினார். நர்ஸ்தான், "என்ன சார் நீங்க, அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே" என்றார். "புண்ணு அவ வாயிலதாம்மா" என்றேன்.

நீல பாட்டில், சாப்பாட்டுக்குக் கால்மணி முன்பு கொப்பளித்துத் துப்ப. வாய் மரத்துப்போகும். வெள்ளை பாட்டில் விழுங்க, காலையும் இரவும். வலி இதில் அடங்காவிட்டால் மருந்தைக் கூட்டலாமாம். கதிரை இடையில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்றார்.

உன்னை வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. நாளை எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோவோடு நிற்பேன். ஹாரன் அடிக்கச் சொல்லமாட்டேன்.

உன்,
பூ.வா.

*

திங்கள், 24-3

அட்லஸ் சாருக்கு,

வெள்ளிக்கிழமை எட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏழு பத்துக்கே வந்து நின்றீர்கள். ஜன்னலில் இருந்து பார்த்தேன். நானும் எட்டு வரை வெளியே வரவில்லை. வழியெல்லாம் உங்கள் பக்கம் திரும்பாமல் வந்தது வாய்ப்புண்ணாலா கோபத்தாலா என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். எனக்கே தெரியவில்லை.

நேற்று சூப் ஆறு கரண்டி இறங்கியது. "அக்கா, இன்னொண்ணு" என்று தங்கை கெஞ்சினாள். இறங்கவில்லை. இன்றும் கதிருக்குப் போய்வந்தேன்.

உங்களுக்கு எத்தனை போடுவது என்று முடிவு செய்யவில்லை. விடைத்தாள் கையில்தான் இருக்கிறது.

நாளை நர்ஸ் கேட்டால் ஐந்து என்று சொல்லுங்கள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதுதான்.

க.டீ.