சீட்டில் வைத்த சிமெண்ட் மூட்டை

ராய்ப்பூர் பக்கம், ரிக் வண்டி முகாமிலிருந்து

அன்புள்ள அகல்யாவுக்கு, தனபால் எழுதுவது.

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் போர்வெல் போடும் காட்டில் டவர் சரியாகக் கிடைப்பதில்லை. கிடைத்த அன்றும் நான் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டேன். அதனால்தான் ஊர் திரும்பும் டிரைவர் ராசுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று நீ என்ன சொன்னாய்? "குணசீலன் அண்ணன் கை வெச்சதும் வண்டி பூவாட்டம் போகுதுங்க" என்றாய். ஒரே பேச்சில் ஏழு தடவை அண்ணன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சக்கரம் நேர் பார்க்கும் அலைன்மென்ட் கடை வைத்தால் அண்ணனாகிவிடுவானா? என்கூடப் படித்தவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன்.

அந்த ஸ்கூட்டருக்கு முன்னால் இரண்டு சக்கரம் வைத்தது நான். கால் ஊன்றாமல் நீ தறிப்பட்டறைக்குப் போய்வர வேண்டும் என்று மூன்று மாதம் வெல்டிங் அடித்தேன். நூல் பிடித்துச் சக்கரங்களை நேர் பார்த்ததும் நான்தான். ஹேண்டில் வலப்பக்கம் இழுத்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? குமாரபாளையத்தில் வேறு கடையே இல்லையா? வயிறு எரிகிறது அகல்யா.

நேற்று டவர் கிடைத்ததும் குணசீலனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் கோபப்படவில்லை. "ஏப்பா, சீட்டுல என்னத்த வெச்சு நேர் பாத்தே?" என்றான். உன் எடைக்கு ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை, நட்டநடுவில் வைத்தேன் என்றேன். "அந்தப் புள்ள மூட்டையாட்டமா உக்காருது? இடது கால் ஊனாதுன்னு வலப்பக்கமாச் சாஞ்சுதான உக்காருது? அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்குனா சக்கரம் வெளிய திரும்பாதா? ஒரு தடவ ஏறி உக்காரச் சொல்லீருக்கலாமல்லோ" என்றான். உன்னை உட்காரவைத்துத்தான் சக்கரங்களை இணைக்கும் டை ராடைத் திருகி நேர் பார்த்தானாம்.

ஆறு வருடமாக உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நீ எந்தப் பக்கம் சாய்வாய் என்று அவன் ஒரே காலைப்பொழுதில் கண்டுகொண்டான்.

நான் ஏன் உன்னை உட்காரச் சொல்லவில்லை தெரியுமா? வெல்டிங் பட்டறை ஆட்கள் பார்க்க, நீ காலைக் கையால் தூக்கி வைத்து ஏற வேண்டியிருக்குமே என்று நினைத்தேன். உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சம் எனக்குத்தான் இருந்தது. அவன் கடையில் நீ சிரித்துக்கொண்டே ஏறினாயாம். மற்றதெல்லாம் ஆறிவிட்டது, இது மட்டும் ஆறவில்லை.

அவன் வைத்த அளவு அப்படியே இருக்கட்டும், நான் தொடமாட்டேன். காவிரிப் பாலத்தில் காற்று அடிக்கும்போது மெதுவாகப் போ. அம்மாவுக்கு மாத்திரை தீருமுன் வாங்கி வை.

பொங்கலுக்கு வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு நீயே வண்டி ஓட்டிக்கொண்டு வா, கூட்டமான நேரத்திலேயே வா. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். இரண்டு ஆள் எடையில் வண்டி மறுபடி இழுத்தால், நீ ஏறி உட்கார், நானே அளந்து சரிசெய்கிறேன். அதற்கும் அவனிடம் போய்விடாதே, சாமி.

உன்
தனபால்