வழியெல்லாம் பலகாரம்

சேசு மரி சூசை துணை

வில்பட்டி
11.8.1986

அன்பு மகன் மனுவேலுக்கு அம்மா சொல்ல உன் தங்கை லீமா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நாங்களும் சுகமாக இருக்கிறோம், கரக்பூர் வெயிலில் ரயில்வே வேலை பார்க்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறோம். மழை விட்டுவிட்டுப் பெய்வதால் பூண்டு எடுக்க முடியாமல் மண்ணிலேயே கிடக்கிறது. அது கிடக்கட்டும், முதலில் தம்பி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டே படிக்க வேண்டாம், அருளப்பன் நன்றாக இருக்கிறான்.

கஞ்சாவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைகள், தம்பியோடு சேர்த்து ஐந்து பேருக்கு, டவுன் கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள் என்று போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதில் ஒருவன் திரும்பப் புகைத்தாலும் வகுப்பையே மூடிவிட வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் தலைமையாசிரியர் சுவாமிநாதன் ஐயா நம் ஊருக்கே வந்து, சாயங்காலந்தான் இவங்களுக்கு ஆபத்தான நேரம், வெறும் வயித்தோட தனியா நடக்க விட்டுறாதீங்க, உங்க பிள்ளைன்னு நெனச்சுப் பாத்துக்கோங்க என்று கேட்டுக்கொண்டார். ஊர் அப்படியே கேட்டது. காலையில் கேரட் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகும் பெண்கள் வெள்ளனே வந்து அவனை நடுவில் விட்டுக் கூட்டிப் போகிறார்கள். சாயங்காலம் வழியில் உள்ள வீடுகளில் கூப்பிட்டு ஏதாவது தின்னக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசி அனுப்புகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவன் கண் செருகி, தள்ளாடிக்கொண்டு வந்து விழுந்தான். வாந்தி வேறு. எனக்கு உயிரே இல்லை. வாயை முகர்ந்தேன், சட்டைப் பையைத் துழாவினேன், ஏலே, மறுபடியும் போயிட்டியா, அந்த நாலு பிள்ளைக படிப்பையும் கெடுத்துட்டியே என்று முதுகில் இரண்டு வைத்தேன். அந்த நேரம் பார்த்து வளைவு வீட்டுக் கருப்பம்மாள் வந்து நின்று, ஏங்க்கா, உங்க மகன் எப்பவும் ஆறு பணியாரம் திம்பான், இன்னைக்கு மூணோட எந்திரிச்சுட்டானே, ஒடம்புக்கு ஆகலையா என்று கேட்டாள். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பொன்னுத்தாய் வீட்டில் அவித்த உருளைக்கிழங்கு, அடுத்த வீட்டில் பீன்ஸ்கொட்டைச் சுண்டல், அதற்கடுத்து கேப்பைக் களி, எல்லா வீட்டிலும் கருப்பட்டிக் காப்பி. தான் ஒருத்தி கொடுப்பதுதான் அவன் வயிற்றுக்கு என்று அவரவர் நினைத்திருக்கிறார்கள். வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையாடா உனக்கு என்று கேட்டேன். வேண்டாம்னா எல்லாரும் கண்ணு செவந்திருக்கான்னு உத்துப் பாக்குறாங்கம்மா, அதுக்குத் தின்னுட்டே போயிரலாம் என்றான்.

ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுநாள் ஐயாவிடம் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இப்போது பெண்கள் நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். கருப்பம்மாளுக்கு மட்டும் வருத்தம், என் பணியாரத்துக்கு என்னக்கா கொறச்சல் என்கிறாள். எட்டாவதோடு நின்ற லீமாவையும் சாயங்கால வகுப்புக்கு அனுப்பச் சொன்னார் ஐயா, அதை எழுதடி என்றால் வெட்கப்பட்டுப் பேனாவை மூடுகிறாள்.

மகனே, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ போடும் கடிதமெல்லாம் தம்பி ஒழுங்காக இருக்கிறானா என்றே ஆரம்பிக்கிறது. தபால்காரரிடம் அதை வாங்கி முதலில் படிக்கிறவன் அவன்தான். இனி அவன் பேருக்கே எழுது, ரயிலைப் பற்றி எழுது, ஃபுட்பால் பற்றிக் கேள். நானும் இப்போது வாயை முகர்வதில்லை, கை பரபரக்கத்தான் செய்கிறது, அடக்கிக்கொள்கிறேன். வெயிலில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரியாதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இதை நாளை அருளப்பன்தான் டவுன் தபாலாபீசில் போடப் போகிறான், கூட யாரையும் அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஏரியைத் தாண்டித்தான் போக வேண்டும், அந்தப் பழைய கூட்டாளிகள் அங்கேதான் நிற்பார்கள். இது உன் கைக்கு வந்துவிட்டால் அவன் அவர்களைக் கடந்து போய்விட்டான் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கித்தேரியம்மாள்