என் தலைக்குள் புகையும் கரி

அன்பு மகன் ஜெரிக்கு, காசிமேட்டிலிருந்து அப்பா எழுதுவது. மாதா அருளால் நானும் அம்மாவும் இருக்கிற வரைக்கும் நன்றாகவே இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். என் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுப்பதால் நான் சொல்லச் சொல்ல அம்மாதான் எழுதுகிறாள், நடுவில் அவள் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

போன வாரம் போனில், அப்பாவையே நடக்க வைக்காத ஆராய்ச்சி எதுக்கு, எல்லாத்தையும் வுட்டுட்டு வந்துர்றேன் என்றாய். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். மத்தியானத்தில் ஜன்னலோரம் சாய்ந்தால் கடல்காற்றில் கண் செருகுகிறது, தூக்கமும் இல்லை முழிப்பும் இல்லை, அப்போது ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. வேலையில் இருந்த காலம் மாதிரி எண்ணூர் கரி யார்டில் நடக்கிறேன், கால் பஞ்சு போல லேசாக இருக்கிறது. மலை மலையாக நிலக்கரி, மேலே தீயே இல்லை, கை வைத்தால் உள்ளே கதகதவென்று சூடு. நீ வெள்ளைக் கோட்டில் டார்ச் அடித்துக் குனிந்து குனிந்து தேடிக்கொண்டு போகிறாய். கூப்பிட்டாலும் திரும்பவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை, வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஸ்கேனில் புதுப் புள்ளி இல்லை என்றதும் நோயே போய்விட்டது என்று அம்மா தெருவுக்கே பிரியாணி போட்டாளே, அதற்குப் பிறகும் கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போனதே. இந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நரம்பு நோயில் ஊசி மூளைக்கு வெளியிலிருந்து வரும் தாக்குதலைத்தான் நிறுத்தும், பழைய காயங்களைச் சுற்றி மூளையின் காவல் செல்களே வருஷக்கணக்காகப் புகைந்துகொண்டிருக்கும், அது சாதாரண ஸ்கேனில் தெரியாது என்று நீதான் விளக்கினாய். இறந்தவர்கள் தந்த மூளைகளைப் பார்த்துத்தான் இவ்வளவும் புரிந்தது, இன்னும் நிறைய வேண்டும் என்றும் சொன்னாய். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. எனக்குப் பிறகு என் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன் ஜெரி.

இதைச் சொன்னதும் அம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். இன்னாய்யா பேசிகினு கீறே, மண்டைய காலி பண்ணிகினு ஆண்டவராண்ட போய் இன்னான்னு நிப்பே என்று ஒரே அழுகை. தப்பில்லை என்று ஃபாதரே சொல்லியும் கேட்கவில்லை. வீட்டார் சம்மதக் கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், படிவத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்ததே பெரிய விஷயம்.

என்னை நடக்க வைப்பதற்காக மட்டும் நீ படிக்கவில்லையடா. கிறிஸ்மஸுக்கு வா, சக்கர நாற்காலியில் என்னைக் கடற்கரை வரை தள்ளிக்கொண்டு போ, வஞ்சிரம் தின்றுவிட்டுத் திரும்பிப் போய் வேலையைப் பார். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
சவரிநாதன்

ஜெரி, இது அம்மா. அப்பா அசந்து தூங்கிட்டாரு. கிறிஸ்மஸுக்கு வந்தா போதும்னு சொல்றாரே, சும்மா. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே நீயான்னு திரும்பிப் பாக்குறாரு. ஆனா நான் கையெழுத்துப் போட்டுட்டேன்டா. என்னை மாதிரி இன்னொருத்தி புருஷன் காலைத் தூக்கித் தூக்கிக் கட்டில்ல வெக்க வேணாம். நீ அங்கயே இரு.